வெட்டினவன் இல்லாத ஜன்னல்

எங்கள் கோயிலுக்குள் முதன்முதலாகக் கால் வைத்த அன்றைக்கே, ஜன்னல் வேலைக்கு வந்த அவர் எங்கள் புனிதர்களை எல்லாம் கொலைகாரர்கள் என்று நினைத்துவிட்டார். மரியாதையோடுதான் நினைத்தார், அதையும் சொல்ல வேண்டும். மஞ்சள் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பர்த்தலோமேயு ஜன்னலுக்கு முன்னால் கைகூப்பி நின்று, இந்தச் சாமி ரொம்ப உக்கிரமோ என்று என்னிடம் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பர்த்தலோமேயு கையில் ஒரு கத்தி இருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறார்.

எங்கள் கோயிலின் வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் மொத்தம் ஆறு. ஆறிலும் வேதசாட்சிகள், அதாவது விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவர்கள். இந்த மாதிரிக் கண்ணாடி செய்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எதை வைத்து வதைத்தார்களோ, கொன்றார்களோ அதையே அந்தப் புனிதர் கையில் கொடுத்துவிடுவார்கள். அதை வைத்துத்தான் யார் யார் என்று அடையாளம். செபஸ்தியாருக்கு அம்பு. கத்தரீனம்மாளுக்கு முள் வைத்த சக்கரம். லாரன்ஸுக்கு ஆளைப் படுக்கவைத்துச் சுட்ட கம்பிக்கட்டில். முடியப்பருக்குக் கல். லூசியம்மாள் பிடுங்கப்பட்ட தன் கண்கள் இரண்டையும் ஒரு தட்டில் வைத்து, விருந்தாளிக்குப் பலகாரம் நீட்டுவது போல நீட்டிக்கொண்டிருப்பார். ஞானஸ்நானம் வாங்கிய நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பதால் எனக்கு இதில் ஒரு விநோதமும் தெரிந்ததில்லை.

அவருக்கு ஊர் அறந்தாங்கிப் பக்கம், இந்த நாட்டுக்குப் பெர்மிட்டில் வேலைக்கு வந்தவர். அங்கே சாமி கையில் அரிவாள் இருந்தால் அது சாமி வெட்டுகிற அரிவாள். கத்தி வைத்திருப்பவர் கத்தியால் கொல்கிறவர், சக்கரம் வைத்திருக்கும் அம்மன் சக்கரத்தால் நசுக்குகிறவள் என்று அவர் எடுத்துக்கொண்டதில் தப்பே இல்லை. நான் விளக்கிச் சொன்னேன். அந்தக் கத்தி அவருடைய தோலை உரித்த கத்தி தம்பி, அவர் யாரையும் ஒன்றும் செய்யவில்லை என்றேன். அவர் கூப்பிய கையை இறக்கிவிட்டு ஆறு ஜன்னல்களையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"அப்ப வெட்டுனவன் எங்க மேடம்? படத்துலயே காணோமே?"

பதில் தெரியாதபோது நான் என்ன செய்வேனோ அதைத்தான் செய்தேன். போய் வேலையைப் பாருங்கள் என்றேன்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு தடவை ஒரு காகிதத்தில் எழுதினேன், அது போதும். நேரில் தம்பி என்றுதான் கூப்பிட்டேன். நாற்பதை நெருங்கும் வயது, குள்ளமான உருவம், முன்நெற்றியில் ஹெல்மெட் பட்டையின் தடம். நான் கோயில் ஆபிசில் இருபத்திரண்டு வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். ஃபாதர்கள் வருவார்கள், மாற்றலாகிப் போவார்கள், திருமணத் தேதியும் ஞானஸ்நானப் பதிவும் மண்டபத்துச் சாவியும் என்னிடம்தான் இருக்கும். எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். சரியாகத்தான் சொல்கிறார்கள்.

அந்த வருஷம் ஜன்னல்களில் கண்ணாடித் துண்டுகளைப் பிடித்திருக்கும் ஈயப் பட்டைகள் தளர்ந்துபோய், மழைத் தண்ணீர் உள்ளே வர ஆரம்பித்தது. ஒவ்வொரு ஜன்னலாகக் கழற்றி, பட்டறைக்கு அனுப்பி, சரிசெய்து மாட்டுவதென்று கோயில் குழு முடிவெடுத்தது. ஒரு காண்ட்ராக்டர் வந்தார். அவர் சார்பில் ஒரு சூப்பர்வைசரும் ஐந்து ஊழியர்களும். அந்த ஐந்து பேரில் இவர் ஒருவர். சாரத்தின் மேலே ஏறிக் கண்ணாடியைக் கழற்றி எடுக்கிற வேலை இவருக்கு. கை அவ்வளவு பதமாக இருக்கும். மற்ற நால்வரும் பெட்டி தூக்குவார்கள், இவர் மட்டும் மேலே.

முதல் இரண்டு நாள் பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு சாரம் ஏறினார். சூப்பர்வைசர் கத்தினார். சாமி இருக்கிற இடம் சார், எப்படிப் பூட்ஸோடு என்று இவர் தயங்கினார். கடைசியில் நான்தான், எங்கள் சாமி பூட்ஸுக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார், போலீஸ்தான் கோபித்துக்கொள்ளும் என்று சொல்லி மாட்டவைத்தேன். மாட்டிக்கொண்டார். ஆனால் ஒவ்வொரு தடவை உள்ளே வரும்போதும் குனிந்து நிலைப்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். ஒரு நாளைக்கு முப்பது தடவை வருவார், முப்பது தடவையும்.

பிறகு அந்தப் பெட்டி விவகாரம். கழற்றின ஒவ்வொரு பலகத்துக்கும் எண் போட்டு ஒரு தாளில் குறித்துவைக்க வேண்டும். அப்போதுதான் பட்டறையில் சேர்க்க முடியும். இந்த மனுஷன் எண் போடுவதற்குப் பதிலாக, பெட்டி மேல் மார்க்கரால் தமிழில் எழுதிவைத்துவிட்டார். 'கத்தி மேல்', 'சக்கரம் இடது', 'கண்ணு தட்டு கீழ்'. பட்டறைக்காரர்கள் சீனர்கள். பெட்டி எடுக்க வந்தவர்கள் திறந்து பார்த்துவிட்டு ஆளையாள் பார்த்து முழித்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. இருபத்தாறு பெட்டிக்கும் நானே உட்கார்ந்து எண் எழுத வேண்டியதாயிற்று. அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னார். அந்த ஒரு மத்தியானம் முழுக்கக் கதை கேட்டார். எனக்கும், உள்ளதைச் சொன்னால், பிடித்திருந்தது. கோயிலில் யாரும் என்னிடம் கதை கேட்பதில்லை, சாவிதான் கேட்பார்கள்.

வேதசாட்சிகள் கதையைக் கேட்கிறவர்கள் எல்லோரும் கடைசியில் ஐயோ பாவம், எவ்வளவு வலித்திருக்கும் என்பார்கள். இவர் ஒரு தடவைகூட அதைச் சொல்லவில்லை. கதை முடிந்ததும் ஒரே கேள்வி. பண்ணினவனுக்கு என்ன ஆச்சு? செபஸ்தியார் மேல் அம்பு விட்டவர்களுக்கு என்ன ஆச்சு? கத்தரீனம்மாளின் தலையை வெட்டச் சொன்ன ராஜாவுக்கு? தெரியாது தம்பி, தெரியாது தம்பி என்றே சொல்லி எனக்கு வாய் ஓய்ந்துவிட்டது. முடியப்பர் கதையில்தான் கொஞ்சம் சொல்ல முடிந்தது. கல்லெறிந்தவர்கள் கழற்றிப் போட்ட மேலாடைகளைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்ற ஒருவர் பின்னால் மனம் மாறிப் பெரிய புனிதராகிவிட்டார் என்றேன். அவர்தான் சின்னப்பர், படங்களில் கையில் வாளோடு இருப்பார், அவரையும் கடைசியில் வெட்டிக் கொன்றார்கள். இதைக் கேட்டதும் தம்பியின் முகம் கொஞ்சம் தெளிந்தது. கல்லெறிந்தவர்கள் என்ன ஆனார்கள் என்றார். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை என்றேன்.

லாரன்ஸ் கதையில் ஒரு வேடிக்கை உண்டு. கம்பிக்கட்டிலில் வெந்துகொண்டிருக்கும்போது, இந்தப் பக்கம் வெந்துவிட்டது, திருப்பிப் போடுங்கள் என்று சொன்னாராம். பிரசங்கத்தில் இதைச் சொன்னால் கோயிலே சிரிக்கும். இவர் சிரிக்கவில்லை. "அது வேடிக்கை இல்ல மேடம். தாங்க முடியாதவன் அப்பிடித்தான் பேசுவான்" என்றார். வெல்டிங் தீயில் வெந்த ஒருவனைத் தான் பார்த்திருப்பதாகவும், ஆஸ்பத்திரி போகும் வழியெல்லாம் அவன் டீ கேட்டுக்கொண்டே இருந்ததாகவும் சொன்னார். அதற்குப் பிறகு அந்தக் கதையை நான் யாருக்கும் சொன்னதில்லை.

இன்னொன்றும் சொன்னார். அவர் ஊர்ப்பக்கமும் அநியாயமாகச் செத்தவர்கள்தான் சாமியாவார்களாம். ஆனால் அந்தச் சாமிகள் செய்தவன் குடும்பத்தைச் சும்மா விடாது, தலைமுறை தலைமுறையாகத் துரத்தும். எங்கள் ஆட்களோ எல்லோரும் மேலே பார்க்கிறார்கள், செய்தவன் பக்கம் திரும்புவதே இல்லை என்றார். அதுதான் மன்னிப்பு என்று நான் பெருமையாகச் சொன்னேன்.

"மன்னிக்கிறதா இருந்தாலும் மூஞ்சியப் பாக்கணும்ல மேடம்?"

இதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தேக்காவில்தான் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தேக்கா சந்தைக்கு மீன் வாங்கப் போனேன். வெளியே, லீவு நாளில் கூடும் ஊழியர்கள் கூட்டத்தில், நண்பர்களோடு நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, படிய வாரின தலை, எனக்கு ஒரு நிமிஷம் அடையாளமே தெரியவில்லை. சாமிக் கதையெல்லாம் தெரிந்த அக்கா என்று என்னை அவர்களுக்கு அறிமுகம் செய்துவைத்தார். அன்றிலிருந்து மேடம் போய் அக்கா ஆனேன். என் மீன் பையை வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை வந்தவர், வழியில் தன் மச்சானைப் பற்றிச் சொன்னார். மனைவியின் தம்பி. அவரும் இங்கேதான் ஒரு கப்பல்பட்டறையில் வேலை பார்த்திருக்கிறார். இரும்புத் தகடு சரிந்து செத்துப்போனார். உடம்போடு கூட ஒரு பேப்பரும் ஊருக்கு வந்தது. அதில் இறந்தவரின் கவனக்குறைவே காரணம் என்று எழுதியிருந்தது. தகட்டைக் கட்டாமல் தூக்கச் சொன்னது யார் என்று கூட இருந்தவர்கள் எல்லோருக்கும் தெரியுமாம், யாரும் எழுதிக்கொடுக்கவில்லை.

"எங்க மாமியா இன்னும் அவனத்தான் வையிறாக. கவனமா இருந்திருந்தா எம்புள்ள இருந்திருப்பானேன்னு. பேப்பர்ல இருக்கே, அப்ப நெசம்தானே? செத்தும் அவனுக்குத்தான்க்கா கெட்ட பேரு" என்றார். நான் உச்சுக் கொட்டினேன். பஸ் வந்ததும் ஏறிவிட்டேன்.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், இனி முடியாது.

நாலு மணிக்கு ஒரு திருமணம். மணமகளின் அம்மா காலையிலிருந்து மூன்று தடவை போன் செய்துவிட்டார். சாரம் நின்றால் படமெல்லாம் பாழ் என்றார். மீதி இருந்தது லாரன்ஸ் ஜன்னலின் உச்சிப் பலகம் ஒன்றுதான். நான் சூப்பர்வைசரிடம் போய், மூன்று மணிக்குள் சாரம் இறங்கவில்லை என்றால் உங்கள் முதலாளிக்கே போன் போடுவேன் என்றேன். என் வாய்தான் தெரியுமே. அப்போது மணி ஒன்றரை.

மேலே ஏறினவர் கொஞ்ச நேரத்தில் கீழே பார்த்துக் குரல் கொடுத்தார். இடுப்பு பெல்ட்டின் கயிறு எட்டவில்லை, கட்டின இடத்தை மாற்ற வேண்டும் என்றார். மாற்ற அரை மணி நேரமாவது ஆகும். மற்ற நால்வரும் வெளியே லாரியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருந்தது நாங்கள் மூன்று பேர்தான். சூப்பர்வைசர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேலே பார்த்துச் சொன்னார்.

"பெல்ட்டக் கழட்டிட்டு எடுத்துடுங்க லா. ரெண்டு நிமிஷ வேலை."

நான் நாலடி தூரத்தில், தூணுக்குப் பக்கத்தில், பூக்காரர் கொடுத்த பட்டியலோடு நின்றிருந்தேன். ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அவர் மேலேயிருந்து என்னையும் பார்த்தார். அக்கா ஏதாவது சொல்வார் என்று பார்த்தாரோ என்னவோ. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். கொக்கி கழன்ற சத்தமும் எனக்குக் கேட்டது.

விழும்போதும் பலகத்தை விடவில்லை. மல்லாக்க விழுந்து கிடந்தார், கண்ணாடி அவர் நெஞ்சின் மேல் இருந்தது. ஒரே ஒரு துண்டில்தான் கீறல். ஆம்புலன்ஸ் போனதும் கோயில் குழுத் தலைவருக்குப் போன் செய்தேன். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்று பதில் சொன்னேன். அவர் விழுந்த இடத்துக்கு ஓடினபோது நானும் முதலில் அதைத்தான் பார்த்தேன் என்பதால் எனக்கு அவர் மேல் கோபம்கூட வரவில்லை. நாலு மணிக்குத் திருமணம் நடந்தது. அந்தப் பக்கத்தை ஒரு வெள்ளைத் திரை கட்டி மறைத்தோம். படங்களில் திரை நன்றாகவே வந்திருந்தது.

அவருக்கு இடுப்பெலும்பும் வலது மணிக்கட்டும் உடைந்திருந்தன. சிகிச்சைச் செலவெல்லாம் சட்டப்படி கிடைத்துவிடும் என்றார்கள். ஆனால் யார் தப்பு என்று ஒரு கேள்வி இருந்தது. ஊழியர் தானாகவே பெல்ட்டைக் கழற்றினார் என்று சூப்பர்வைசர் எழுதிக்கொடுத்துவிட்டார். அது அப்படியே நின்றால் வேலை பெர்மிட் ரத்து, ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், பெல்ட்டைக் கழற்றின ஆளென்று வேறெந்தக் கம்பெனியும் தொடாது. அவருக்கு இரண்டு பெண்கள், மூத்தவள் அந்த வருஷம்தான் காலேஜில் சேர்ந்திருந்தாள். விசாரணை அதிகாரி என்னிடமும் எழுதித் தரச் சொன்னார். உள்ளே இருந்த மூன்றாவது ஆள் நான்தானே.

தலைவர் ஆபிசுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். நல்ல மனிதர்தான். அதட்டக்கூட இல்லை. "தெரிஞ்சத எழுதுங்கம்மா. ஆனா அவசரப்படுத்தினது யாருன்னு கேட்டாங்கன்னா, அது உங்கள்ட்டதான் வந்து நிக்கும், பாத்துக்குங்க" என்றார். எனக்கு ஐம்பத்து நாலு வயது. கணவர் இல்லை. இந்த ஆபிஸை விட்டால் எனக்கு வேறு வேலை எங்கே கிடைக்கும்? இதையெல்லாம் சமாதானமாகச் சொல்லவில்லை, அன்றைக்கு மனசில் ஓடினது இதுதான். தம்பியின் பெயரை முழுசாக, எழுத்துப் பிழையில்லாமல் எழுதினேன். அதற்குக் கீழே, நான் ஆபிசுக்குள் இருந்தேன், சத்தம் கேட்டுத்தான் வெளியே வந்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூன்றே வரி.

ஒன்றரை மாதம் கழித்து, மனசு கேட்காமல், ஒரு ஞாயிறு மத்தியானம் கிராஞ்சிக்கு அவர் தங்கியிருந்த விடுதிக்குப் போனேன். மனசு கேட்கவில்லை என்று சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருக்கிறது. கேட்கிற மனசாக இருந்தால் முதலிலேயே கேட்டிருக்காதா? உள்ளே விடமாட்டார்கள், அவர்தான், மாவுக்கட்டுப் பிரித்த கையோடு, இரண்டு ஊன்றுகோலை ஊன்றி வாசலுக்கு வந்தார். பாதியாக இளைத்திருந்தார். பழப்பையை வாங்கிக்கொண்டு, இவ்வளவு தூரம் ஏன்க்கா வந்தீங்க என்று உண்மையாகவே சந்தோஷப்பட்டார். கல் பெஞ்சில் உட்கார்ந்தோம். வருகிற சனிக்கிழமை ஊருக்கு விமானம் என்றார். சட்டைப்பையிலிருந்து ஒரு பேப்பரை எடுத்துப் பிரித்தார். ஆங்கிலம்தான், ஆனால் எந்த வரியில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"சூப்பர்வைசரு கழட்டச் சொன்னதுக்குச் சாட்சி இல்லைங்கிறாக. அக்கா, நீங்க அங்கதானே நின்னீங்க? உங்களுக்குக் கேட்டுச்சுல்ல?"

பேப்பரில் அவர் விரல் வைத்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு, கேட்கவில்லை தம்பி என்றேன்.

அவர் பேப்பரை மடித்து வைத்துக்கொண்டார். தூரமாக நின்றிருப்பீர்கள் என்றார். பிறகு, நான் வேண்டாம் வேண்டாம் என்றும் கேட்காமல், பஸ் நிறுத்தம் வரை ஊன்றுகோலை ஊன்றி ஊன்றிக் கூடவே வந்தார். அங்கே பஸ் சீக்கிரம் வராது. நாற்பது நிமிஷம் நின்றோம். லாரிகள்தான் போய்க்கொண்டிருந்தன. சொல்லிவிடலாம், இப்போதே சொல்லிவிடலாம் என்று நாற்பது நிமிஷமும் நினைத்துக்கொண்டே, ஊரில் மழை உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அக்கா, கேட்டுச்சுன்னு எழுதியிருந்தா உங்க வேலை போயிருக்குமா?"

குரலில் கோபமில்லை. என் முகத்தை நேராகப் பார்த்துத்தான் கேட்டார். போயிருக்கலாம் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"அப்பச் சரிக்கா."

பஸ் வந்தது. ஊன்றுகோலைத் தூக்கி அவரே நிறுத்தினார். இடது பக்கமாக உட்காருங்கள், வலது பக்கம் வெயில் அடிக்கும் என்றார். இடது பக்கம்தான் உட்கார்ந்தேன்.

அவர் கிளம்பும் சனிக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. எழுதிக்கொடுத்ததை மாற்ற வேண்டுமானால் எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் என்று அந்த அதிகாரி என்னிடம் சொல்லியிருந்தார். எந்த மாடி, எந்த அறை என்றுகூடச் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை முதல் சனிக்கிழமை வரை நான் காலை ஒன்பது மணிக்குக் கோயில் ஆபிசைத் திறந்தேன், மாலை ஆறு மணிக்குப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.